ஆப்ல 80தான் காட்டுது, அப்புறம் பொண்ணுக்கு ஏன் வீசிங்? சத்துவாச்சாரில இருந்து கேட்டவங்களுக்கு

நீங்க கேட்டது ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா வேணாமான்னு. ஆனா கேள்விய ரெண்டு தடவ படிச்சேன், அதுக்குள்ள வேற ஒண்ணு இருக்கு. போளூர்ல இருந்து சத்துவாச்சாரிக்கு குடி வந்து ரெண்டு வருஷம், ஹைவே சர்வீஸ் ரோட்டுக்கு ரெண்டாவது தெரு, ஆறு வயசு பொண்ணுக்கு விடிகாலைல இருமல், நெஞ்சுக்குள்ள விசில் சத்தம், காத்து தரம் காட்டுற ஆப்ப பாத்தா 80, "திருப்திகரம்"னு பச்சைல காட்டுது, வீட்டுக்காரர் "இது இன்னா டெல்லியா"ங்கறார், மாமியார் ஐஸ்கிரீம்தான் காரணம்ங்கறாங்க. அதாவது நீங்க கேக்குறது, இந்த ஊருக்கு வந்ததாலதான் புள்ளைக்கு இப்படி ஆச்சா, ஊருக்கே திரும்பிப் போயிட்டா சரியாயிடுமான்னு. அதுக்கு முதல்ல சொல்றேன், பியூரிஃபையர் கதை கடைசில.

நான் டாக்டர் இல்ல, அத இப்பவே சொல்லிடுறேன். வேலூர்ல ஒரு ஆஸ்பத்திரில நுரையீரல் டெஸ்ட் எடுக்குற ரூம்ல 21 வருஷமா டெக்னீஷியனா இருக்கேன். எல்லாரும் "ஊதுற டெஸ்ட்"னு சொல்வாங்களே, அதுதான். மூக்குல கிளிப் மாட்டி, வாயில குழாய் வச்சு, "இழுங்க இழுங்க நல்லா இழுங்க, இப்ப ஊதுங்க, ஊது ஊது ஊது ஊது, இன்னும் இருக்கு, விடாதீங்க"ன்னு நாள் பூரா கத்துறவன் நான், சாயந்தரம் வீட்டுக்குப் போனா என் தொண்டைதான் முதல்ல போயிருக்கும். மருந்து எழுதுறது என் வேலை இல்ல, ஆனா யாரு வந்து உக்காந்தாலும் டெஸ்டுக்கு முன்னாடி என்ன வேலை, வீடு எங்க, எந்த அடுப்பு, பீடி சிகரெட் உண்டான்னு கேட்டு எழுதிக்கணும், அப்படி கேட்டுக் கேட்டு சேர்ந்த விஷயம் கொஞ்சம் இருக்கு.

முதல்ல அந்த 80. நம்ம நாட்டு ஏக்யூஐ, அதாவது காத்து எவ்ளோ கெட்டிருக்குன்னு சொல்ற நம்பர், அந்தக் கணக்குல பிஎம் 2.5ன்னு சொல்ற நுண் தூசிய 24 மணி நேர சராசரியா எடுத்து நம்பராக்குறாங்க. ஒரு கன மீட்டர் காத்துல 60 மைக்ரோகிராம் இருந்தா ஏக்யூஐ 100. அந்த 60தான் நம்ம நாட்டுல ஒரு நாளைக்கு அனுமதிச்ச அளவு, 2009ல போட்டது. உங்க 80ங்கறது பிஎம் 2.5ஆல வந்த நம்பர்னா கிட்டத்தட்ட 48 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்ன ஒரு நாள் அளவு 15. அதாவது உங்க ஆப் பச்சை காட்டுற காத்து அவங்க கணக்குல மூணு மடங்கு. இன்னொரு வேடிக்கை, அதே 48அ அமெரிக்க கணக்குல போடுற ஆப்ல பாத்தீங்கன்னா 130 பக்கம் காட்டும், ஆரஞ்சு கலர்ல, குழந்தைங்களும் ஆஸ்துமா இருக்குறவங்களும் ஜாக்கிரதைன்னு எழுதியிருக்கும். காத்து ஒண்ணுதான், ரெண்டு போன்ல ரெண்டு நம்பர், இத வச்சு புருஷன் பொண்டாட்டி சண்டை போட்டு வந்த குடும்பத்தையே நான் பாத்திருக்கேன்.

அதவிட முக்கியமானது, அது சராசரி, அதுவும் எங்கயோ ஒரு மிஷின் நிக்கிற இடத்தோட சராசரி. பல ஆப்ல மிஷின் கூட கிடையாது, சேட்டிலைட்டும் கம்ப்யூட்டர் கணக்கும் வச்சு போடுற மதிப்பீடு. காட்பாடில மழை கொட்டும், பாகாயத்துல துணி காஞ்சுகினு இருக்கும், நம்ம ஊர்ல இது எல்லாருக்கும் தெரியும், புகையும் அப்படித்தான். காலைல அஞ்சரைக்கு உங்க தெரு முனைல யாராவது காஞ்ச எலை, பால் கவரு, தெர்மாகோல் எல்லாத்தையும் கூட்டி ஒரு குச்சி கிழிச்சுப் போட்டா அந்த அரை மணி நேரம் உங்க ஜன்னல்கிட்ட இருக்குற காத்து வேற, ஊர் காத்து வேற. 24 மணி நேர சராசரில அந்த அரை மணி கரைஞ்சு போயிடும். புள்ளையோட நெஞ்சுல கரையாது.

விடிகாலைன்னு நீங்க எழுதுனது எனக்கு முக்கியமா பட்டுது. வேலூர பத்தி பழைய கிண்டல் ஒண்ணு உண்டு, தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டைன்னு. ராஜாவ விடுங்க, மத்த ரெண்டும் நம்ம சப்ஜெக்ட்தான். பாலாறு காஞ்சு கெடக்குறதால மணல் தூசி, மலை மொட்டையா இருக்குறதால அதுவும் தூசி, போதாததுக்கு கல்குவாரி, கிரஷர், தார்ப்பாய் போடாத டிப்பர் லாரி. ஆனா இந்த தூசியெல்லாம் பெரும்பாலும் பெரிய சைஸ், மூக்குலயும் தொண்டைலயும் மாட்டிக்கும், தும்மலா சளியா வெளிய வந்துடும், எரிச்சல் குடுக்கும், ஆஸ்துமா இருக்குறவங்களுக்கு இழுப்ப கிளப்பியும் விடும். மோசமானது எரிஞ்சு வர்ற புகை. அது 2.5 மைக்ரானுக்கும் கீழ, நம்ம தலைமுடி கனத்துல இருபதுல ஒரு பங்குக்கும் கம்மி, நேரா நுரையீரலோட கடைசி அறை வரைக்கும் போகும். ஐப்பசி கார்த்திகைல ஆரம்பிச்சு மாசி வரைக்கும் ராத்திரி தரை சீக்கிரம் குளுந்துடும், மேல இருக்குற காத்து சூடா மூடி போட்ட மாதிரி நின்னுடும், சுத்தி மலை வேற, புகை மேல போக வழியில்லாம கீழயே படுத்துக் கெடக்கும். மார்கழி காலைல பைக்ல வந்தா தெரியும், முழங்கால் உயரத்துல ஒரு வெள்ளைப் படுதா மாதிரி நிக்கும், பனின்னு நெனைச்சுப்போம், மூக்குல பிளாஸ்டிக் வாசனை அடிச்சா அது வெறும் பனி இல்ல.

ஹைவேக்கு வர்றேன். சென்னை பெங்களூரு ரோடு, ராத்திரி பூரா லாரி. பெரிய ரோட்டுல இருந்து 300ல இருந்து 500 மீட்டருக்குள்ள வண்டிப்புகையோட பாதிப்பு அதிகம்னும், ஏற்கெனவே ஆஸ்துமா இருக்குற குழந்தைங்களுக்கு அது இழுப்ப கிளப்புதுன்னு சொல்ல போதுமான ஆதாரம் இருக்குன்னும் 2010லயே பல நாட்டு ஆராய்ச்சிய ஒண்ணா வச்சுப் பாத்து முடிவு சொல்லிட்டாங்க. அதனால உங்க ரெண்டாவது தெரு கணக்குல வருது, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா நல்லா கவனிங்க, இருக்குற ஆஸ்துமாவ கிளப்புறது வேற, இல்லாத ஆஸ்துமாவ புதுசா உண்டாக்குறது வேற. முதல்து உறுதி. ரெண்டாவதுக்கும் ஆதாரம் வலுவாகிட்டேதான் வருது, ஆனாலும் உங்க பொண்ணு ஒருத்திய காட்டி, இவளுக்கு வந்தது ரோட்டாலதான்னு எந்த டெஸ்டும் சொல்லாது. எங்க மிஷின் காத்துக் குழாய் சுருங்கியிருக்கான்னு சொல்லும், பஃப், அதாவது காத்துக் குழாய விரிக்கிற இன்ஹேலர் மருந்து, குடுத்து 15 நிமிஷம் கழிச்சு ஊதவிட்டா விரியுதான்னு சொல்லும், யாரு சுருக்குனாங்கன்னு சொல்லாது. வைரஸ் சளி, தலகாணில இருக்குற தூசிப்பூச்சி, கரப்பான், பார்த்தீனியம், பாலாத்துல மண்டிக் கெடக்குற வேலிகாத்தான் பூ மகரந்தம், குடும்பத்துல யாருக்காவது ஆஸ்துமா, இதுல எது எவ்ளோன்னு பிரிக்கிறது கஷ்டம். ஐஸ்கிரீமும் சிலருக்கு இருமல கிளப்பும்தான், ஆனா தெனம் விடிகாலைல வர்றதுக்கு பாவம் அத திட்டாதீங்க.

இந்த ஏரியால காத்து கெட்டுப்போச்சுன்னு பேச்செடுத்தாலே டேனரி மேல பழி போடுவாங்க. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் தொழில் பண்ண கேடு நிஜம், 1996ல சுப்ரீம் கோர்ட் குடுத்த தீர்ப்புக்கு பேரே வேலூர் பேர்லதான் இருக்கு, கெடுத்தவன்தான் காசு கட்டணும்ங்கற கொள்கைய இந்தியாவுல நல்லா ஊனி நிறுத்துன தீர்ப்பு அது. ஆனா அந்தக் கதை பெரும்பாலும் பாலாறு, கெணத்து தண்ணி, நெலம். ராணிப்பேட்டைல குவிஞ்சு கெடந்த குரோமியக் கழிவும் முக்கியமா நிலத்தடித் தண்ணிப் பிரச்சனை. உள்ள வேலை செய்யறவங்க சுவாசிக்கிறது தனி விஷயம். சத்துவாச்சாரில இருக்குற உங்க பொண்ணோட விடிகாலை இருமலுக்கு டேனரிய நான் சந்தேகப்பட மாட்டேன்.

என் கை முதல்ல போற இடம் வீட்டுக்குள்ள. நாலஞ்சு வருஷம் முன்னாடி ஒரு பையன் வந்தான், எட்டு வயசு இருக்கும், குடியாத்தம் பக்கம். சின்னப் பசங்களுக்கு ஸ்க்ரீன்ல பொறந்தநாள் கேக்கு மாதிரி மெழுகுவத்தி வரும், ஊதுனா ஒண்ணொண்ணா அணையும். இவன் ஊதுனா ரெண்டு அணையும், மிச்சம் எரிஞ்சுகினே இருக்கும், அவனுக்கு கோவம், திரும்ப ஊதுறான், அதே ரெண்டு. பஃப் குடுத்து கால் மணி நேரம் உக்கார வச்சு ஊதச் சொன்னோம், எல்லாம் அணைஞ்சுது, கை தட்டிக்கினான். அவங்க அம்மாகிட்ட வழக்கமான கேள்வி கேட்டேன். கேஸ் அடுப்புதான், வீட்ல யாரும் பீடி சிகரெட் குடிக்கிறதில்ல, ரோடு தூரம். அப்புறம் கிளம்புறப்போ அவங்க முந்தானைய உதறுனாங்க பாருங்க, பொடி நெடி, எனக்கே தும்மல். "பீடி சுத்துவீங்களா"ன்னு கேட்டேன். "ஆமா சார், அவன் பக்கத்துலதான் படுத்துகினு இருப்பான், குடிக்கிறீங்களான்னுதான கேட்டீங்க"ன்னாங்க. தப்பு அவங்க மேல இல்ல, என் கேள்வி மேல. அன்னிலருந்து நான் "வீட்ல எதாவது புகையுதா, எதாவது பொடி பறக்குதா"ன்னு கேக்குறேன். கொசுவத்தி, சாம்பிராணி, வெந்நீர் போட பின்னாடி வேலிகாத்தான் கட்ட அடுப்பு, அப்பத்தான் ஒவ்வொண்ணா வெளிய வரும். கொசுவத்திய பத்தி 2003ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, ஒரு சுருள் முழுசா எரிஞ்சா வர்ற நுண் தூசி 75ல இருந்து 137 சிகரெட்டுக்கு சமம்னு. மூடுன ரூம்ல, புள்ளை தலமாட்டுல, ராத்திரி பூரா. நீங்க கேள்வில கொசுவத்தி பத்தி எழுதல, அதனால கேக்குறேன், எரிக்கிறீங்களா?

இப்ப ஊருக்குப் போறது. போளூர் காத்து நல்லாத்தான் இருக்கும்னு நெனைக்கிறீங்க, எனக்கும் அப்படி நம்ப ஆசைதான், எங்க அம்மாவும் அந்தப் பக்கம்தான். ஒரு பீடிய கையால தொட்டதில்ல, அறுபத்தி மூணு வயசுல ஊதவிட்டா முப்பது வருஷம் பீடி குடிச்சவர் மாதிரி கிராஃப். நாப்பது வருஷ வெறகு அடுப்பு, புகைபோக்கி இல்லாத சமையக்கட்டு. கரும்பு வெட்டுனா சோகைய கொளுத்துறது, வெல்லம் காய்ச்சுற ஆலை, செங்கச் சூளை, கிராமத்துலயும் புகைக்கு பஞ்சமில்ல. தமிழ்நாட்டுல நகரம் கிராமம் ரெண்டுலயும் சேத்து 1,285 கர்ப்பிணிப் பெண்கள வச்சு ஒரு ஆய்வு 2018ல வந்துச்சு, நுண் தூசி 10 மைக்ரோகிராம் கூடுனா பொறக்குற குழந்தை எடை சராசரியா 4 கிராம் கொறையுதுன்னு. பாக்க சின்ன நம்பர், ஆனா அடுப்படில சில நூறு மைக்ரோகிராம் போகும்.

அதே சமயம் எனக்கு சங்கடமான ஆராய்ச்சியையும் சொல்லிடணும், நமக்கு சாதகமானத மட்டும் சொல்லக் கூடாது. இந்தியாவுல நம்ம தமிழ்நாட்டையும் சேத்து நாலு நாட்டுல 3,200 கர்ப்பிணிகள எடுத்து பாதி பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமா குடுத்துப் பாத்தாங்க, 2022ல ரிசல்ட். அவங்க சுவாசிச்ச நுண் தூசி 70ல இருந்து 24க்கு எறங்குச்சு, பெரிய விஷயம், ஆனா குழந்தை எடைல வித்தியாசம் வரல. ஏன்னு இன்னும் வாதம் நடக்குது, கர்ப்பத்துல லேட்டா குடுத்தாங்கன்றாங்க, 24ம் இன்னும் ஜாஸ்திதான்றாங்க. எதுக்கு சொல்றேன்னா, புகை கெட்டதுங்கறது உறுதி, புகைய இவ்ளோ கொறைச்சா இந்த நோய் இவ்ளோ கொறையும்னு கணக்கு போட்டு குடுக்குறது அவ்ளோ உறுதியில்ல. பியூரிஃபையர் விக்கிறவன் உறுதியா சொல்வான்.

உங்க வீட்டுக்காரர்கிட்டயும் ஒண்ணு சொல்லுங்க, டெல்லி இல்லங்கறது பதிலே இல்ல. சென்னை உட்பட பத்து இந்திய நகரத்துல 2008ல இருந்து 2019 வரைக்கும் நடந்த இறப்புகள வச்சு பாத்த ஆய்வு 2024ல வந்துச்சு, தெனசரி சாவுல நூத்துக்கு ஏழு நுண் தூசியோட சம்பந்தப்பட்டதுன்னு கணக்கு. அதுல என்ன ஆச்சரியம்னா கம்மியா மாசு இருக்குற ஊர்ல கொஞ்சம் கூடுனாலே சாவு சட்டுனு ஏறுது, ஏற்கெனவே மோசமா இருக்குற ஊர்லதான் ஏத்தம் மெதுவா இருக்கு. இன்னொண்ணு, வெளிக் காத்தால சாகுறவங்கள்ல மூணுல ரெண்டு பேர் மாரடைப்புலயும் பக்கவாதத்துலயும்தான் போறாங்க, மூச்சுத் திணறி இல்ல. அவருக்கு பிரஷர் இருந்தா இது பொண்ணு விஷயம் மட்டும் இல்லன்னு புரியும்.

சரி, என்ன பண்றது. ஒரு நோட்டு போடுங்க, ரெண்டு வாரம். இருமல் எத்தன மணிக்கு வந்துச்சு, அப்ப ஜன்னல் தொறந்திருந்துச்சா, தெருவுல எதாவது எரிஞ்சுதா, கொசுவத்தி வச்சீங்களா, முந்தின நாள் சளி இருந்துச்சா, அவ்ளோதான். மெடிக்கல்ல பீக் ஃப்ளோ மீட்டர்னு, எவ்ளோ வேகமா ஊதுறாங்கன்னு நம்பர்ல காட்டுற ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய் கிடைக்கும், காலைலயும் சாயந்தரமும் மூணு தடவ ஊதவிட்டு பெரிய நம்பர எழுதிக்குங்க. ரெண்டு வாரத்துல ஒரு நாலு நாள் போளூர்ல தாத்தா வீட்டுல இருக்கட்டும், அங்கயும் எழுதுங்க. இந்த நோட்டோட டாக்டர்கிட்ட போனீங்கன்னா "அப்பப்ப இழுக்குது டாக்டர்"னு சொல்றதவிட அவருக்கு நூறு மடங்கு உபயோகம். நாலு நாள வச்சு வீட்ட மாத்துற முடிவு எடுத்துடாதீங்க, அது ஒரு துப்பு, அவ்ளோதான்.

கொசுவத்திய இன்னிக்கே நிறுத்திட்டு வலை கட்டுங்க. வலை மாதிரி எதுவும் இல்ல. விடிகாலைல அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும் தெருப்பக்க ஜன்னல சாத்தி பின்பக்கம் தொறங்க. தலகாணி உறைய வாரத்துக்கு ஒரு தடவ கொதிக்கிற தண்ணில போடுங்க. தெரு முனைல குப்பைக்கு தீ வைக்கிறது சட்டப்படி தப்பு, 2016ல பசுமைத் தீர்ப்பாயம் 5,000 ரூபா அபராதம்னே சொல்லியிருக்கு, ஆனா அபராதத்த காட்டி பேசுனா சண்டைதான் வரும். எங்க தெருவுல நாங்க பண்ணது, கூட்டுற அம்மாகிட்ட கேட்டோம், ஏம்மா கொளுத்துறீங்கன்னு. "வண்டி வர்றதுக்குள்ள நாய் இழுத்துப் போட்டுடுது, அப்புறம் என்னத்தான திட்டுறாங்க"ன்னாங்க. மூடி போட்ட ரெண்டு டிரம் வாங்கி வச்சோம், இப்ப கொளுத்துறது இல்ல, போகி அன்னிக்கு மட்டும் எவனாவது டயர் கொண்டாந்து போட்டுடுறான், அத இன்னும் நிறுத்த முடியல. அன்னிக்கு ராத்திரி புள்ளைய எங்கயாவது சொந்தக்காரங்க வீட்டுக்கு கூட்டினு போயிடுங்க.

இவ்ளோவும் பண்ணிட்டு பியூரிஃபையர் வாங்குறதுன்னா வாங்குங்க. ஹெப்பான்னு சொல்ற நுண் தூசி பிடிக்கிற ஃபில்டர் உள்ளதா, ரூம் சைஸுக்கு தகுந்ததா பாருங்க, அயனைசர் ஓசோன்னு போட்டுருந்தா வேணாம், ஓசோன் நுரையீரலுக்கே ஆகாது. நுண் தூசிய அது பிடிக்கும், அதுல சந்தேகமில்ல, ஆனா கதவு ஜன்னல் சாத்தியிருந்தாத்தான். சித்திரைல வேலூர்ல ஏசி இல்லாம யாரு கதவ சாத்திட்டு தூங்குறது? தொறந்து வச்சு ஓட்டுனா ஹைவேயையே சுத்தம் பண்ணப் பாக்கும், ஃபில்டர் காசுதான் போகும்.

ஒண்ணே ஒண்ணு கெஞ்சிக் கேக்குறேன், காத்த சரி பண்ணிட்டோம்னு டாக்டர் குடுத்த இன்ஹேலர நிறுத்தாதீங்க. பஃப் பழகிடும், சின்ன வயசுலயேவான்னு வீட்ல சொல்வாங்க, எங்க ரூம் வாசல்லயே தெனம் நடக்குற பேச்சு இது. தெனம் எடுக்குற ஸ்டீராய்டு பஃப் ஆஸ்துமா இருக்குற குழந்தைங்கள காப்பாத்துதுங்கறது நான் மேல எழுதுன எல்லாத்தையும்விட உறுதியான விஷயம், ஸ்பேசர்னு இன்ஹேலர்ல மாட்டுற குழாய் வச்சு குடுங்க, குடுத்ததும் வாய் கொப்பளிக்க வைங்க.

அப்புறம் ஆறு வயசுன்னா ஊதுற டெஸ்ட் எடுக்க முடியும், பயப்படாதீங்க. வயிறு முட்ட சாப்பிட வச்சு கூட்டிட்டு வராதீங்க, இடுப்புல இறுக்கிக் கட்டுற பாவாடை வேணாம், காலைல பஃப் போடலாமா கூடாதான்னு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க. முதல் ரெண்டு தடவ சிரிச்சுடுவா, எல்லா புள்ளையும் சிரிக்கும், மூணாவதுல இருந்துதான் நாங்க எண்ணவே ஆரம்பிப்போம்.